ஒரு சொட்டு உத்தரவு

அன்று காலை பசி தாமதமாக வந்தது.

ஆவி பறக்கும் பாசிக்கூழைத் தட்டில் வைத்துக்கொண்டு ஜெசிந்தா துளிக்குழாயின் முன்னால் நின்றிருந்தாள். உவர்நகரில் அந்த வேளையில் எல்லா வீட்டிலும் இதே காட்சிதான்: கையில் தட்டு, நீட்டிய நாக்கு. முதலில் விழிப்புத் துளி விழும். கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். அடுத்தது தாகம். அதற்கடுத்தது பசி. பசித் துளி விழுமுன் அவசரப்பட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டால் உமியை மெல்லுகிற மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஒரு தடவை செய்து பார்ப்பார்கள். அப்புறம் ஆயுசுக்கும் செய்யமாட்டார்கள்.

"பசி இன்னும் வரலியா?" என்று கேட்டான் அவள் கணவன் சகாயம்.

"வந்துரும். நீங்க உக்காருங்க."

அவன் உட்காரப் போனான். போனவன் பாதியில் நின்றுவிட்டான். முழங்கால் மடங்கியது மடங்கியபடி, ஒரு கை நாற்காலியைத் தேடியபடி, அப்படியே. கண் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, காதோரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். எண்ணினால் சில சமயம் விட்டுவிடும். அன்றைக்குச் சீக்கிரம் விடவில்லை. எண்ணிக்கை நூறைத் தாண்டிய பிறகுதான் அவன் மெல்ல நாற்காலியில் இறங்கி, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, "கூழு ஆறிப்போச்சோ?" என்றான்.

உறைநோய் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வடக்குச் சுரங்கத்தில் உவர்நீர் எடுக்கிற ஆட்களிடம் முதலில் தலைகாட்டி, இப்போது ஊருக்குள்ளும் வந்துவிட்டது. நடந்துகொண்டிருக்கிறவர் நடுவழியில் நின்றுவிடுவார். பேசிக்கொண்டிருக்கிறவர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். சகாயம் அந்தச் சுரங்கத்தில் குழாய் பொருத்துகிறவன்.

துளிக்குழாய்க்கு மேலே சுவர் பேசியது. "வாரியத்தின் கனிவான அறிவிப்பு. உறைநோய்க்குக் காரணம் கண்டறியப்பட்டுள்ளது. நாளைக் காலைத் துளியிலிருந்து நோயாளிகள் அனைவருக்கும் அநாதை ஏற்பி அடைக்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி."

"பாத்தியா, மருந்து கண்டுபிடிச்சிட்டாவ" என்று சகாயம் சிரித்தான்.

அந்த நேரம் பார்த்துப் பசித் துளி விழுந்தது. வயிறு தீயாய் எரிந்தது. அவளோ தட்டைத் தொடவில்லை. ஜெசிந்தா ஆஸ்பத்திரியின் ஏற்பிக் கூடத்தில் வேலை செய்கிறவள். சோதனைக்கென்று அந்த அடைப்பு மருந்தை மூன்று பேருக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் இப்போது மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். நோய் முற்றிவிட்டது, மருந்தைச் சீக்கிரமே கொடுத்திருக்க வேண்டும் என்று வாரியம் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தது.

உவர்நகரின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த அறிவிப்பு விளங்கும். சீரிஸ் என்கிற குறுங்கோளின் பனிக்கு அடியில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது என்றதும், அதை எடுக்கத் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக்காரர்களின் வாரிசுகள்தான் வந்து சேர்ந்தார்கள். உப்பைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே சூரியன் ஒரு பெரிய நட்சத்திரம், அவ்வளவுதான். ஒன்பது மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். கனச்செருப்பு போடாவிட்டால் கால் தரையில் நிற்காது. முதலில் வந்தவர்களின் உடம்புக்கு எப்போது தூங்குவது, எப்போது சாப்பிடுவது என்பதே மறந்துபோய், பசி தெரியாமலேயே பலர் இளைத்துச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஒரு வாரியம் அமைத்தார்கள். அன்றிலிருந்து பசி, தாகம், உறக்கம், துணிச்சல் எல்லாம் வாரியத்தின் குழாய் வழியாகத்தான்.

இது மாயமந்திரம் இல்லை. நம் உயிரணு ஒவ்வொன்றின் தோலிலும் ஆயிரக்கணக்கில் ஏற்பிகள் இருக்கின்றன. ஏற்பி என்பது ஒரு புரதம். துணியில் நூல் ஓட்டுகிற மாதிரி, உயிரணுவின் தோலை ஏழு தரம் குத்தி உள்ளேயும் வெளியேயுமாகப் போய்வந்து நிற்கும். வெளியிலிருந்து அதற்கென்று உள்ள சேதிப்பொருள் வந்து ஒட்டினால், உள்ளே ஜி-புரதம் என்கிற ஆள் சேதியை வாங்கிக்கொண்டு ஓடுவான். பசி என்பது அப்படி ஒரு சேதி. உறக்கமும் அப்படித்தான். உவர்நகரில் எல்லா ஏற்பிக்கும் சேதிப்பொருளைக் கண்டுபிடித்துக் குழாயில் ஏற்றிவிட்டார்கள், ஒன்றைத் தவிர. மூளையின் அடியில் கிடந்த அந்த ஒன்றுக்கு என்னத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அது ஏனென்று கேட்கவில்லை. சொந்தம் தெரியாததால் அதை அநாதை என்றார்கள்.

உறைநோயாளிகளின் மூளையில் இந்த அநாதை ஏற்பிகள் பலமடங்கு பெருகியிருந்தன. வாரியத்துக்கு அது போதும். வேலை என்னவென்று தெரியாத ஒருவன் வம்பு நடந்த இடத்தில் நிற்கிறான். வேறு யாரைப் பிடிப்பது?

ஜெசிந்தா கூழைக் கொட்டிவிட்டுச் சகாயத்தைக் கையோடு ஏற்பிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாள். நாளைக் காலைக்குள் அந்த அநாதைக்கு ஒரு வேலை இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இவனும் நாலாவது கட்டிலில்.

"எத்தன தரந்தான் இந்தப் பட்டைய மாட்டுவ?" என்று அவன் அலுத்துக்கொண்டான்.

"கடைசித் தரம். ஆடாம இருங்க."

நெற்றிப்பட்டை என்பது ஏற்பிகளின் வேலையை அளக்கும் கருவி. தலையில் மாட்டி, எந்த ஏற்பி வேண்டுமோ அதைக் குறித்தால், அது செய்கிற வேலைக்குத் தக்கபடி முள் ஏறும். அதற்கு ஒரு விதி உண்டு. பட்டையை மாட்டியதும் பூஜ்யப் பொத்தானை அழுத்தி முள்ளைக் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் துளியைக் கொடுக்க வேண்டும். துளி விழுமுன் உடம்பில் எதுவும் நடக்காது என்பது உவர்நகரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த பாடம். ஆகவே துளிக்கு முன்னால் முள் காட்டுவது வெறும் கருவிக் கோளாறு. பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அழுத்தினார்கள். அவளும் இத்தனை வருஷம் அழுத்தினாள்.

அன்றைக்குப் பட்டையை மாட்டிப் பொத்தானிடம் விரலைக் கொண்டுபோன நேரம் சகாயம் மறுபடி உறைந்தான். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இவள் பதறிப்போய்த் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். பொத்தான் மறந்தேபோயிற்று. எண்ணிக்கொண்டிருந்தவளின் கண் தற்செயலாகக் கருவியின்மேல் போனது.

முள் பாதிக்கு மேல் நின்றது. நிற்கவும் இல்லை, ஏறிக்கொண்டிருந்தது. அவன் உடம்பு விறைக்க விறைக்க அது மேலே மேலே போனது. உச்சிக்குப் போனதும் அவன் விரல் அசைந்தது. கழுத்து நிமிர்ந்தது. உறைவு விட்டது. முள் பெருமூச்சு விட்டு உட்காருகிறவன் மாதிரி மெல்ல இறங்கிப் பாதியில் வந்து நின்றது.

ஒரு துளியும் கொடுக்கவில்லை. ஒரு சேதியும் போகவில்லை.

ஜெசிந்தா பட்டையைக் கழற்றித் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். சும்மா உட்கார்ந்திருந்தால் முள் பாதியில் நின்றது, எழுந்தால் ஏறியது, கையைத் தூக்கினால் ஏறியது. அந்த அநாதைக்குச் சேதி வரவேண்டிய தேவையே இல்லை. அது பிறந்ததிலிருந்து தானாகவே உள்ளே ஆளை ஓட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பை அசைய வைக்கிறதே அதுதான். நோய் எதனால் வந்ததோ, வந்த பிறகு விழுகிற ஆளைத் தாங்கிப் பிடிக்கத்தான் அது பெருகியிருக்கிறது. இருட்டில் மெழுகுவத்தியோடு ஓடிவந்தவனைப் பிடித்து, நீதானே விளக்கை அணைத்தாய் என்று கேட்கிறார்கள்.

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அதற்குத் துளி எதுவும் தேவைப்படாததை அவள் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவர் பேராச்சி எல்லாவற்றையும் பார்த்தார். தன் தலையிலும் மாட்டிப் பார்த்தார். அப்புறம் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"நீ சொல்லுதது நெசந்தான். ஆனா வாரியத்துல போய்ச் சொல்லப் போறியா?"

"சொல்லாம என்ன செய்ய டாக்டரம்மா? நாளைக்கு அவுகளுக்கு அடச்சிருவாவளே."

"தலைவரப் பத்தித் தெரியும்லா ஒனக்கு."

தெரியாமல் என்ன. தலைவர் ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. இளவயதில் அவர் கிழக்கு வாயிலில் காவல் இருந்தபோது, யாரும் உத்தரவு கொடுக்காமலே வெளிக்கதவு ஒன்று தானாகத் திறந்துகொண்டது. உள்ளே இருந்த அத்தனை பேரையும் வெற்றிடம் உறிஞ்சிக்கொண்டது. அவருடைய கூடப்பிறந்த அண்ணனும் அதில் ஒருவர். அன்றிலிருந்து தானாக நடக்கிற எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. அவர் காலத்தில்தான் தும்மலுக்கும் துளி வந்தது.

மத்தியானமே வாரியம் கூடியது. கூட்டம் தொடங்குமுன் ஒரு சடங்கு உண்டு. தலைவர் மேசையில் ஒரு பழைய பித்தளைக் கூஜா இருக்கும். முன்னோர்கள் பனியைக் குடைந்து முதன்முதலில் எடுத்த கிணற்றுத் தண்ணீர் அதில் இருக்கிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஒரு வாய் குடித்துவிட்டு உட்காருவார்கள். ஜெசிந்தாவும் பேராச்சியும் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டையைத் தலைவரின் தலையிலேயே மாட்டச் சொன்னாள் ஜெசிந்தா. அவரும் மாட்டிக்கொண்டார். பொத்தானை அழுத்தவில்லை. முள் பாதியில் நின்றது. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தப் பொறுமை அவளுக்கு நம்பிக்கை கொடுத்தது.

"சரி. அது வேல செய்யுது. ஒத்துக்கிடுதேன்" என்றார் அவர். "யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல ஐயா. அதோட கொணமே அதுதான். தன்னால செய்யுது."

"எந்நேரமும்?"

"எந்நேரமும்."

"நாம ஒறங்கும்போதும்?"

"ஆமா ஐயா."

அறையில் யாரோ நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். தலைவர் மெல்லக் கையை உயர்த்தித் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள்ளே முன்பின் தெரியாத ஒருவன் குடியிருப்பதைப் போல இருந்தது அவர் முகம்.

"வாரியத்துக்குத் தெரியாம, ஒவ்வொருத்தன் தலைக்குள்ளயும், இத்தன வருசமா" என்றார். "கெழக்குக் கதவும் இப்படித்தாம்மா. அன்னிக்குவரை ஒழுங்காத்தான் இருந்துச்சு."

"ஐயா, இது கதவு இல்ல. இதாலதான் நாம நடக்கோம்."

"இன்னிக்கு நடக்கோம். நாளைக்கு அது என்ன நெனைக்குமோ. யாரு பேச்சும் கேக்காதுன்னு நீயே சொல்லுதியே." அவர் மற்ற உறுப்பினர்களைப் பார்த்தார். "நோயாளிக்கு மட்டும்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப எல்லாருக்குமே அடச்சிருவோம். எதுக்கு வம்பு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எதுக்கு வம்பு என்ற இரண்டு வார்த்தைக்கு எதிராக உவர்நகரில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் ஜெசிந்தா சுவரில் சாய்ந்துவிட்டாள். அவன் ஒருவனைக் காப்பாற்றப் போனவள் ஊரையே கட்டிலில் படுக்கப்போட வழிசெய்துவிட்டு வந்து நிற்கிறாள்.

"சொன்னேல்லா உண்மைய. நல்லாச் சொன்ன" என்றார் பேராச்சி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நாள மறுநா இந்த ஊர்ல குழாயத் தொறக்கக்கூட ஒருத்தன் கை அசையாது."

"வேற என்னத்தச் சொல்லிருக்கணும்?"

"அந்த மனுசனுக்கு வேண்டியது ஒரு மொதலாளி. அந்த அநாதைக்கு மேல ஒரு மொதலாளி இருக்கான்னு காட்டிருந்தா விட்டுருப்பாரு. இல்லாத மொதலாளிய எங்க போயிப் பிடிக்க?"

ஜெசிந்தா கதவு இடுக்கில் தெரிந்த பித்தளைக் கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

"ஐயா, மன்னிக்கணும். ஒண்ண யோசிக்காம விட்டுட்டேன்."

தலைவர் இன்னும் பட்டையைக் கழற்றவில்லை. முள் பாதியில்தான் நின்றது.

"கூட்டம் ஆரம்பிக்கும்போது ஐயா இந்தத் தண்ணியில ஒரு வாய் குடிச்சிய. இன்னொரு வாய் குடிச்சுப் பாக்கியளா?"

அவர் சந்தேகமாகக் கூஜாவை எடுத்தார். கை உயர்ந்தது. கை உயர்ந்ததும் முள் ஏறியது. வாயருகே போகப்போக இன்னும் ஏறியது. எதைத் தூக்கினாலும் ஏறும், வெறுங்கையைத் தூக்கினாலும் ஏறும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி கதவோரம் நின்று தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியளா" என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. "அதுக்கு ஒரு சேதி வேணும்தான். நாங்கதான் ஊரெல்லாம் தேடுனோம். அது இங்க, வாரியத்துக் கூஜாவுக்குள்ள இருந்திருக்கு. அது தன்னால வேல செய்யல ஐயா. ஒங்க சொல்லக் கேட்டுத்தான் செய்யுது."

கடைசி வரிசையில் இருந்த ஓர் உறுப்பினர் மட்டும் கொஞ்சம் யோசிக்கிற ஆள். "ஊர்ல மத்தவங்க இந்தத் தண்ணிய ருசி பாத்ததுகூடக் கெடையாதே. அப்ப அவங்களுக்கு?" என்று கேட்டார்.

ஜெசிந்தா யோசிக்குமுன் அவள் வாய் பதில் சொல்லிவிட்டது. "அதனாலதான அவங்களுக்கு வியாதி வருது. வாரியத்துல யாருக்காவது வந்துச்சா?"

வரவில்லை. வாரியத்தில் யாரும் வடக்குச் சுரங்கப் பக்கம் போனதே இல்லை. அதை யாரும் அப்போது நினைக்கவில்லை. தலைவரின் முகம் மலர்ந்தது. மனுஷன் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. கிழக்குக் கதவுக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு எல்லாம் ஓர் ஒழுங்கில் இருப்பதாகப் பட்டது. பொய் இவ்வளவு அழகாகப் பொருந்தியதில் ஜெசிந்தாவுக்குத்தான் பயம் வந்தது.

மறுநாள் காலை அடைப்பு மருந்து வரவில்லை. விழிப்பு, தாகம், பசிக்குப் பிறகு புதிதாக ஒன்று விழுந்தது. தலைமைத் துளி என்று அதற்குப் பெயர். சகாயம் கண்ணை மூடி அதை விழுங்கினான். ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தான். பாதியில் நிற்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் உறைவு குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் நின்றேபோனது. மரக்கட்டையாகக் கிடந்த மூன்று பேரில் இரண்டு பேர், அடைப்பு மருந்தை நிறுத்தியதும், எழுந்து உட்கார்ந்தார்கள். அந்தோணிப்பிச்சை என்கிற மூன்றாவது ஆள் எழவில்லை. அவருடைய மனைவி, துளி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று சொல்லி அழுதபோது, ஜெசிந்தா அங்கே நிற்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டாள்.

நோய்க்கு உண்மையான காரணத்தையும் பேராச்சியே பிறகு கண்டுபிடித்தார். வடக்குச் சுரங்கத்துப் புது ஊற்றில் ஒரு நச்சு உப்பு இருந்தது; அந்தத் தண்ணீர் போன தெருக்களுக்கும் நோய் போயிருந்தது. அங்கிருந்த வடிகட்டியை, காரணம் தெரியுமுன்னமே, வழக்கப்படி எப்போதோ மாற்றியாயிற்று. அதனால்தான் ஊர் குணமானது. வாரியம் அதையும் மறைக்கவில்லை, அறிவித்தது. ஒரே வரி. பசித் துளி விழுகிற நேரத்தில் வந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை.

கூஜாத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? ஜெசிந்தாவைத் தலைமைத் துளி அலுவலராக நியமித்து, தனி அறையும் கொடுத்தார்கள். அவள் பொதுத் தொட்டியிலிருந்து தண்ணீரைப் பிடித்துக் குழாய்க் கலத்தில் ஊற்றுவாள். அவ்வளவுதான் வேலை.

"கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் எல்லார்ட்டயும் உண்மையச் சொல்லிருவோம்" என்று அவள் பேராச்சியிடம் சொன்னாள்.

"சொல்லலாம், சொல்லலாம். வெறுந்தண்ணிதான, யாருக்கு என்ன நட்டம்?" என்றார் பேராச்சி. தலைமைத் துளியை விழுங்கிவிட்டு அவர் வாயைத் துடைத்துக்கொண்டதை ஜெசிந்தா கவனித்தாள்.

கொஞ்ச நாளில் ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டு துளி கேட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கு மேடை ஏறுமுன் ஒரு துளி. மேல்தளத்துக்காரர்களுக்குப் பெரிய சொட்டாக விழுகிறது என்று கீழ்த்தளத்தில் ஒரு சண்டை. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சகாயத்தை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தான் சொன்ன பொய், கூஜா, முள், தொட்டித் தண்ணீர், எல்லாம்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஏட்டி, நீ கண்டுபிடிச்சத நீயே நம்பாட்டி எப்படி? உக்காரப் போயிட்டுப் பாதியில நின்ன மனுசன் நான். இப்ப ஓடுதேன். அது எதால?"

"வடிகட்டி மாத்துனதால."

"வடிகட்டி" என்று அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அடக்கம் நல்லதுதான். ஆனா இம்புட்டு ஆகாது."

அதற்கடுத்த வாரம் துளிக்குழாயில் தலைமைத் துளிக்கான இணைப்பு விட்டுப்போனது. விழிப்பு வந்தது, தாகம் வந்தது, பசி வந்தது. தலைமைத் துளி மட்டும் வரவில்லை. சகாயம் நாக்கை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் "ஏட்டி, துளி வரலியே" என்று சொல்லிக்கொண்டே வெளியே எட்டிப்பார்க்கப் போனவன், நிலைப்படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டான்.

ஜெசிந்தாவின் கையிலிருந்த தட்டு நழுவி மெதுவாகத் தரையில் இறங்கியது. அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி கதவைப் பிடித்தபடி நின்றாள். சைக்கிளில் ஏறப்போன ஒருவர் ஏறாமல் நின்றார். ஊரே நின்றுகொண்டிருந்தது.

ஓடிப்போய் நெற்றிப்பட்டையைக் கொண்டுவந்து சகாயத்தின் தலையில் மாட்டினாள். நச்சு உப்பு திரும்ப வந்துவிட்டதோ என்றுதான் அவள் பயந்தாள். முள் முக்கால் உயரத்தில் ஜம்மென்று நின்றது. அநாதை உள்ளே இடுப்பை வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லங்க. நடங்க" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். எண்ணிப் பார்த்தாள். கெஞ்சினாள். அவன் கண் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. கடைசியில் அடுக்களைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, "இந்தாங்க, தலைமைத் துளி" என்று அவன் வாயில் வைத்தாள்.

ஒரு மடக்குத்தான். கால் நிலைப்படியைத் தாண்டியது.

அவள் வாளி நிறையத் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். ஒவ்வொரு வாயிலும் ஒரு மடக்கு. நடக்க ஆரம்பித்தவர்களும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கினார்கள். ஊர் மெல்ல மெல்ல அசைய ஆரம்பித்தது. வாரிய அறையில் தலைவரைக் கூஜாவைத் தொட்ட கையோடு கண்டுபிடித்தார்கள், கூஜா காலி. அவருக்கும் ஒரு மடக்கு கொடுத்தபோது, "நல்லவேள, நீ இருந்த" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பேராச்சியும் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

எல்லாம் அடங்கி, இணைப்பையும் சரிசெய்த பிறகு, ஜெசிந்தா தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கை சோர்ந்துவிட்டது. வாளியின் அடியில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வாளியைக் கழுவலாம் என்று குனிந்தவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

குனிந்த முதுகு நிமிரக் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்தது. களைப்புத்தான் என்று சொல்லிக்கொண்டாள். வலது கைச் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது, ஒரு நொடி பிந்தி மடங்கியதோ? இன்னொரு தரம் மடக்கினாள். இப்போதும் பிந்துகிற மாதிரிதான் இருந்தது.

பைத்தியமா எனக்கு, இது வெறுந்தண்ணீர், நான் சொன்ன பொய் இது, என்று தன்னையே திட்டிக்கொண்டு நெற்றிப்பட்டையை எடுத்து மாட்டினாள். முள் பாதியைத் தாண்டி ஏறி அசையாமல் நின்றது. அவள் தலைக்குள் அந்த அநாதை வழக்கம்போல யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவள் முள்ளைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். மறுபடி முள்ளைப் பார்த்தாள்.

பிறகு வாளியில் மிஞ்சியதை ஒரு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, விரலை நீட்டிப் பூஜ்யப் பொத்தானை அழுத்தினாள். முள் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. டம்ளரைத் தூக்கினாள். கை உயர உயர முள் ஏறியது. கண்ணை மூடி, அடிவரை குடித்தாள்.

"எதுக்கு வம்பு" என்றாள், ஆளில்லாத அறையில். சுண்டுவிரல் இப்போது சரியாக மடங்கியது.